வேலி விழுந்த பிறகு



கணக்கு எழுதும் எனக்கு வரவு, செலவு என்று இரண்டு பக்கம். காட்டு விலங்குக்கும் இரண்டு பக்கம்தான்: புல், தண்ணீர். இரண்டும் ஓரிடத்தில் கிடைத்தால் அது நெடுந்தூரம் நடக்கத் தேவையில்லை.

ஆபிரிக்காவின் தெற்கே பொட்ஸ்வானாவில் அப்படிக் கிடைப்பதில்லை. ஒக்கவாங்கோ ஆறு கடலைச் சேராமல் உள்நாட்டிலேயே பரந்து முடிகிறது. வறட்சிக் காலத்திலும் அங்கே தண்ணீர் இருக்கும். தென்கிழக்கே மக்கடிக்கடி உப்புச் சமவெளி. மழை பெய்தால் அங்கே சத்தான புல் முளைக்கும். மழை ஓய்ந்தால் குடிக்க நீர் இராது. ஆகவே வரிக்குதிரைகள் பசியோடு போய், தாகத்தோடு திரும்பின.

பிறகு வேலிகள் வந்தன. மாட்டிறைச்சி ஏற்றுமதிக்குக் கோமாரி நோயைத் தடுக்க வேண்டும். காட்டெருமைகள் அந்நோயைக் காவுபவை. அதனால் 1950களிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குக் கம்பி வேலி கட்டினார்கள். 1980களின் வறட்சியில் தண்ணீர் தேடி வந்த வில்டபீஸ்ட் மந்தைகள் வேலியில் முட்டி, அதன் ஓரமாகவே நடந்து, பல்லாயிரக்கணக்கில் இறந்தன.

1968இல் எழுந்த ஒரு வேலி, ஒக்கவாங்கோவுக்கும் மக்கடிக்கடிக்கும் இடையிலான பாதையைக் குறுக்கே வெட்டியது. 2004இல் அதை அகற்றினார்கள். இடையில் 36 வருடங்கள். காட்டு வரிக்குதிரை அவ்வளவு காலம் உயிர் வாழாது. பழைய பாதையில் நடந்த ஒன்றுகூட மிஞ்சியிருக்க முடியாது. ஆனாலும் சில வருடங்களில், கழுத்துப்பட்டியில் செய்மதிக் கருவி பூட்டிப் பார்த்தபோது, அவை மறுபடி அதே சமவெளிக்குப் போய் வந்துகொண்டிருந்தன. போய்வர 500 கிலோமீற்றருக்கு மேல். 2011இல் இந்த ஆய்வு வெளியானது. மழையையும் புல்லின் பச்சையையும் பார்த்தே அவை புறப்படுகின்றன என்று பின்வந்த ஆய்வு காட்டியது.

நான் 1990இல் ஊரை விட்டு வந்தவன். இதை வாசித்தபோது மனம் துள்ளியது. எங்கள் பிள்ளைகளும் ஒருநாள் தாங்களாகவே வழி கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு கணக்காளன் புத்தி தடுத்தது. வரிக்குதிரையை இழுத்தது புல்லும் தண்ணீரும். இங்கே பிறந்த என் மகளுக்கு அந்தப் பசியும் இல்லை, தாகமும் இல்லை. அவை அவளுக்கு இருக்கக்கூடாது என்றுதானே வந்தோம்! அப்படியானால் அவளை எது இழுக்கும்? மழை சொல்லாது. நான்தான் சொல்ல வேண்டும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, சந்தியிலிருந்து எங்கள் வீட்டுக் கிணற்றடி வரை ஒரு தாளில் கீறிக் காட்டினேன். "இவ்வளவு கிட்டவா அப்பா?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.