ரோகிணி சேர்ந்தால் ஜெயந்தி

காந்தி ஜெயந்தி, அனுமன் ஜெயந்தி, புத்த ஜெயந்தி, தேவர் ஜெயந்தி. இந்த வரிசையைப் பார்க்கும் எவருக்கும் ஜெயந்தி என்றால் பிறந்தநாள் என்றே தோன்றும். இன்றைய தமிழில் அதுதான் அதன் பொருளும்கூட. ஆனால் அந்தச் சொல்லுக்குள் பிறப்பைக் குறிக்கும் எதுவும் கிடையாது. வடமொழியில் 'ஜி' என்னும் வேருக்கு வெல்லுதல் என்று பொருள். ஜயம், விஜயன், அஜிதன், ஜினர் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. ஜயந்தன் என்றால் வெல்பவன். இந்திரன் மகனுக்கு அதுவே பெயர். சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்தின்போது தலைக்கோலில் உறைவதாகச் சொல்லப்படும் சயந்தன் இவன்தான். ஜயந்தி அதன் பெண்பால். துர்க்கைக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு.

வெல்பவள் என்று பொருள்பட்ட சொல் பிறந்தநாளைக் குறிக்க வந்தது ஓர் இரவின் வழியாக. கிருஷ்ணன் பிறந்த இரவுக்கு ஜயந்தி என்று பெயர். அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த நிபந்தனையைத் தெரிந்துகொண்டால், ஒரே பண்டிகை ஒரே ஊரில் ஏன் ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை வருகிறது என்பது விளங்கிவிடும்.

2025-இல் பள்ளிக்கரணையில் அப்படித்தான் வந்தது. வேளச்சேரி–தாம்பரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் கணினி நிறுவன வேலைக்காகக் குடிவந்தவர்கள் நிறைய. ஆந்திரர், மலையாளி, ராஜஸ்தானி, தஞ்சாவூர்க்காரர், நெல்லைக்காரர் எல்லோரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள். ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, தமிழக அரசு விடுமுறை. அன்று மாலை பல வீடுகளின் வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை குட்டிக் கால்கள் போயின. அந்தக் காலைப் போடுவதில் ஒரு நேர்த்தி உண்டு. அரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் கையை முஷ்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தைத் தோய்த்துத் தரையில் அழுத்தி எடுத்தால் பாதம் வந்துவிடும். அதன் தலைப்பில் விரல்நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் கால்விரல்கள். இடது கைக்கு ஒரு கால், வலது கைக்கு ஒரு கால். விரல்கள் வீட்டுக்குள் பார்த்திருக்க வேண்டும். குழந்தை உள்ளே வருகிறான், வெளியே போகவில்லை.

அதே மாடிகளில் சில வாசல்கள் அன்று வெறுமையாக இருந்தன. அங்கே செப்டம்பர் நடுவில்தான் மாவுக்கால் போட்டார்கள். கேரளத்தில் அஷ்டமி ரோகிணி செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. உடுப்பியிலும் அன்றுதான் கிருஷ்ணன் பிறந்தான். மறுநாள் விட்டலபிண்டி உற்சவம். தமிழ் வைணவ வீடுகளிலும் ஸ்ரீ ஜயந்தி அந்த நாட்களையொட்டியே வந்தது. "போன மாதமே கிருஷ்ண ஜெயந்தி முடிந்துவிட்டதே, இப்போது என்ன சீடை?" என்று கேட்காத பிள்ளை இல்லை. பெரியவர்கள் சொல்லும் வழக்கமான பதில், "அவங்க பஞ்சாங்கம் வேற." பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பஞ்சாங்கத்தைவிட இந்தப் பண்டிகையின் பெயர்களே தெளிவாகச் சொல்கின்றன.

கோகுலாஷ்டமி, ஜன்மாஷ்டமி இரண்டும் திதியின் பெயர்கள். பௌர்ணமிக்குப் பின் எட்டாம் நாளான தேய்பிறை அஷ்டமியே இங்கே அளவுகோல். கேரளத்தின் அஷ்டமி ரோகிணி திதியையும் நட்சத்திரத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஜயந்தி என்ற பெயரில் திதியும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. ஆனால் தர்மசாஸ்திர நூல்களைத் திறந்தால் அந்தப் பெயருக்கு வரையறை கறாராக இருக்கிறது. தேய்பிறை அஷ்டமியோடு ரோகிணி நட்சத்திரம் சேர்ந்தால்தான் அந்த நாள் ஜயந்தி. நள்ளிரவில் இரண்டும் கூடியிருந்தால் மிகச் சிறப்பு. வெற்றியையும் புண்ணியத்தையும் தருவதால் ஜயந்தி என்று பெயருக்குக் காரணமும் சொல்வார்கள். ரோகிணி சேராத அஷ்டமி வெறும் ஜன்மாஷ்டமி. பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்து மாதவர் தம் காலநிர்ணயத்தில் ஜன்மாஷ்டமி விரதம் வேறு, ஜயந்தி விரதம் வேறு என்றே வாதிட்டார். கமலாகர பட்டர் 1612-இல் எழுதிய நிர்ணயசிந்துவும் இந்த விவாதத்தை விரிவாக எடுத்துக்கொள்கிறது. பிற்காலத்தில் இதையெல்லாம் திரட்டித் தந்தவர், தர்மசாஸ்திர வரலாற்றை எழுதிய பி. வி. காணே.

ஆக, ஜயந்தி என்பது முதலில் ஒரு சேர்க்கையின் பெயர். திதியும் நட்சத்திரமும் கைகோத்த இரவின் பெயர்.

இந்தச் சேர்க்கை எந்த மாதத்தில் நிகழும் என்பதை எளிய கணக்கில் பார்த்துவிடலாம். தேய்பிறை அஷ்டமி என்றால் சந்திரன் சூரியனைவிட 264 பாகையிலிருந்து 276 பாகைக்குள் முன்னே இருக்கிறது என்று பொருள். ரோகிணி இருப்பது ரிஷப ராசியில் 10 பாகை முதல் 23 பாகை 20 கலை வரை. சந்திரன் ரோகிணியில் நிற்கும்போது அது அஷ்டமியாகவும் இருக்க வேண்டுமென்றால், சூரியன் எங்கே நிற்க வேண்டும் என்று கழித்துப் பாருங்கள். சிம்ம ராசியில் 4 பாகையிலிருந்து 29 பாகை 20 கலை வரை என்று விடை வரும். சூரியன் சிம்மத்தில் இருக்கும் மாதம் நமக்கு ஆவணி, மலையாளிகளுக்குச் சிங்ஙம். அதாவது தேய்பிறை அஷ்டமியும் ரோகிணியும் சேருகிற நாள் ஆவணிக்குள் மட்டுமே விழும். ஆடியிலும் விழாது, புரட்டாசியிலும் விழாது. "ஆவணி ரோகிணிதான் ஸ்ரீ ஜயந்தி" என்று வைணவப் பெரியவர்கள் பிடிவாதமாகச் சொல்வதற்கு வானமே சாட்சியாக நிற்கிறது. இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய கணிதக்காரர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

2025 ஆகஸ்ட் 16 என்ன தமிழ்த் தேதி? ஆடி 31. சூரியன் இன்னும் கடகத்தை விட்டு இறங்கவில்லை. அஷ்டமி 15-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கி 16-ஆம் தேதி இரவு பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. ரோகிணி வந்ததோ 17-ஆம் தேதி விடியற்காலையில், அதற்குள் நவமி. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அன்று நடந்தது பழுதில்லாத கோகுலாஷ்டமி. ஆனால் அரசு விடுமுறைப் பட்டியலும் அதைப் பார்த்து அச்சிட்ட தினசரிக் காலண்டர்களும் அந்தத் தாளில் போட்டிருந்த பெயர் கிருஷ்ண ஜெயந்தி. நட்சத்திரக்காரர்களின் பெயரைத் திதிக்காரர்களின் தேதியில் ஒட்டிவிட்டோம். குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. காலண்டரில் கோகுலாஷ்டமி என்று போட்டு, மறுமாதத் தாளில் ஸ்ரீ ஜயந்தி என்று போட்டிருந்தால் இரண்டும் வேறு வேறு கணக்கு என்பது பெயரைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். அப்படிப் போடுவதே முறை என்று நினைக்கிறேன்.

அஷ்டமி ஏன் ஆடிக்குள் நழுவுகிறது? சந்திர மாதங்கள் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் குறை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் கோகுலாஷ்டமி முன்னே நகர்ந்துகொண்டே போகிறது. மூன்று ஆண்டுக்குள் ஓர் அதிக மாதத்தைச் செருகிப் பின்னுக்கு இழுக்கிறார்கள். அதிக மாதம் வரவேண்டிய தறுவாயில் அஷ்டமி ஆகஸ்டின் முற்பாதியில், ஆடியில் போய் நிற்கும். 2020-இலும் இதே கதை. விடுமுறை ஆகஸ்ட் 11. கேரளத்தில் அஷ்டமி ரோகிணி செப்டம்பர் 10.

மாதப் பெயருக்குள்ளும் ஒரு முடிச்சு இருக்கிறது. நூல்கள் 'ச்ராவண மாதத்துத் தேய்பிறை அஷ்டமி' என்கின்றன. ச்ராவணம் என்ற சொல்தான் தமிழில் தேய்ந்து ஆவணி ஆயிற்று. அதற்கு மூலமான ச்ரவண நட்சத்திரம் நமக்கு ஓணம், திருவோணம். சொல் ஒன்றேதான், அளவு வேறாகிவிட்டது. தெலுங்கருக்கும் கன்னடருக்கும் மராட்டியருக்கும் ச்ராவணம் அமாவாசைக்கு அமாவாசை எண்ணும் சந்திர மாதம். தமிழருக்கும் மலையாளிகளுக்கும் அது சூரியன் ராசி மாறுவதை வைத்து எண்ணும் மாதம். ஒரே வரியை இரண்டு பேர் வாசித்து இரண்டு வேறு மாதங்களுக்குப் போவது இப்படித்தான். வடக்கே பௌர்ணமிக்குப் பௌர்ணமி எண்ணுவதால் அதே இரவு பாத்ரபத மாதத்தில் சேர்ந்துவிடும். அங்கே மாதத்தின் பெயர்தான் மாறும், நாள் மாறாது.

வடக்குக் காலண்டர்களில் வரும் 'வைஷ்ணவ ஜன்மாஷ்டமி'யை நம் ஸ்ரீ ஜயந்தி என்று எண்ணிவிடக் கூடாது. அது சூரிய உதயத்தில் அஷ்டமி இருக்கும் நாளைக் கொள்வது. 2023-இல் அஷ்டமி செப்டம்பர் 6 பிற்பகலில் தொடங்கியது. நள்ளிரவுதான் முக்கியம் என்றவர்கள் 6-ஆம் தேதி கொண்டாடினார்கள். விடியலில் அஷ்டமி வேண்டும் என்றவர்கள் 7-ஆம் தேதிக்குப் போனார்கள். அந்த 6-ஆம் தேதி நள்ளிரவில் அஷ்டமியும் இருந்தது, ரோகிணியும் இருந்தது, மாதமும் ஆவணி. நூல்கள் கேட்கும் ஜயந்தி குறைவின்றி அமைந்த இரவு அது. இவையெல்லாம் போதாதென்று வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே திதி முடியும் நேரத்தில் சில மணி வேறுபாடு வந்து, எல்லைக்கோட்டில் நிற்கும் ஆண்டுகளில் ஒரு நாளைத் தள்ளிவிடும். வாக்கியம் என்ற அந்தப் பெயரும் பொருத்தமானது. சந்திரனின் நிலைகளை எண்ணாக எழுதாமல் மனப்பாடத்துக்கு உதவும் சிறு சிறு சொற்றொடர்களாகக் கட்டிவைத்த மரபு அது. வரருசி பெயரில் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248.

நட்சத்திரத்தின்மேல் தமிழருக்கு ஏன் இத்தனை பிடிப்பு? நம் வீட்டுப் பேச்சிலேயே விடை இருக்கிறது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினால் அர்ச்சகர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். பிறந்த திதியைக் கேட்பதில்லை. "அப்பாவுக்குத் திதி" என்றால் அது அப்பா இறந்த நாள். திதி என்ற சொல்லே பல வீடுகளில் சிராத்தத்துக்குப் பெயராகிவிட்டது. பிறப்புக்கு நட்சத்திரம், இறப்புக்குத் திதி. இந்தப் பிரிவினை கல்வெட்டுக் காலத்திலேயே ஊறியது. இராசராசன் பிறந்தது சதயம். தஞ்சையில் இன்றும் ஐப்பசிச் சதயமே விழா. இராசேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை. இராமானுசருக்குச் சித்திரைத் திருவாதிரை. ஆழ்வார்களுக்கும் ஆசாரியர்களுக்கும் வருவதைத் திருநட்சத்திரம் என்பதே வைணவ வழக்கு. இப்படி எல்லோரையும் நட்சத்திரத்தால் நினைக்கிற ஊரில் கண்ணனை மட்டும் திதியால் நினைக்க வைணவர்களுக்கு மனம் வரவில்லை. "ரோகிணியில் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது" என்று நம் கிழவிகள் சொல்வதுகூடக் கம்சன் கதை நட்சத்திரத்தோடு ஒட்டிக்கொண்டதால் வந்ததே. ரோகிணிப் பிள்ளைகள் பாவம், அந்தப் பழியை இன்றும் சுமக்கிறார்கள். அது விட்டொழிய வேண்டிய பேச்சு.

திதியைக் கொள்கிற ஸ்மார்த்தர் முதலிய வீடுகளுக்கும் வலுவான நியாயம் உண்டு. ரோகிணி சேரவில்லை என்பதற்காக விரதத்தைத் தள்ளிப்போட முடியாது. அஷ்டமி ஆண்டுதோறும் தவறாமல் வரும், சேர்க்கை வராமலும் போகும். நாடு முழுவதும் பெரும்பான்மையோர் கொள்வதும் அதைத்தான்.

ஜயந்தி என்ற சொல் எப்படிப் பரவியது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். கண்ணன் பிறந்த இரவுக்கான பெயர் மற்ற அவதாரங்களுக்கும் போயிற்று: நரசிம்ம ஜயந்தி, வாமன ஜயந்தி. பிறகு ஆசாரியர்களுக்கு: சங்கர ஜயந்தி. அனுமனுக்கு அது வந்தபோது அங்கேயும் நாள் பிரிந்தது. தமிழ்நாட்டில் மார்கழி அமாவாசையும் மூல நட்சத்திரமும், வடக்கே சைத்ர மாதப் பௌர்ணமி. 1956-இல் புத்தரின் 2500-ஆவது ஆண்டைப் புத்த ஜயந்தி என்று நாடே கொண்டாடியது. காந்திக்கு அக்டோபர் 2 என்ற ஆங்கிலத் தேதியோடு ஜயந்தி ஒட்டிக்கொண்டது. திதியும் போயிற்று, நட்சத்திரமும் போயிற்று. இந்தியில் அது ஆண்டுவிழாவாகவே ஆகி, ஸ்வர்ண ஜயந்தி என்று ரயிலுக்கும் அரசுத் திட்டத்துக்கும் பெயராயிற்று. தமிழ் நாவு தன் பங்குக்கு ஜபத்தை ஜெபமாகவும் ஜன்மத்தை ஜென்மமாகவும் ஆக்கியதுபோல ஜயந்தியை ஜெயந்தி ஆக்கியது. ஸ்ரீ வைணவர்கள் மட்டும் 'ஸ்ரீ'யை முன்னே வைத்து, அந்தப் பெயரைக் கண்ணனுக்கு உரியதாகவே இன்னும் வைத்திருக்கிறார்கள்.

2026-இல் செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை. ஆவணி மாதம். அன்று பகல் முழுவதும் அஷ்டமியும் ரோகிணியும் சேர்ந்திருக்கின்றன. காலண்டர் தாளில் உள்ள ஜெயந்திக்கும் நிர்ணயசிந்துவின் ஜயந்திக்கும் அந்த வருடம் பேதமில்லை.