எந்த மரக்காலால் அளக்கிறோம்?



பிளஸ் டூ முடிவும் நீட் முடிவும் வந்த சில நாட்களில் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் பிளக்ஸ் பலகைகள் ஏறிவிடுகின்றன. மருத்துவக் கல்லூரியில் இத்தனை பேர், ஐ.ஐ.டி.யில் இத்தனை பேர், அண்ணா பல்கலைக்கழகத்தில் இத்தனை பேர் என்று பிள்ளைகளின் படங்களோடு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எது நல்ல பள்ளி, எது மட்டமான பள்ளி என்று ஊர் முடிவு செய்கிறது. நம் தெருக்களிலும் இதே பேச்சுதான். தோட்டை அடகு வைத்து அப்படியொரு பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த தாய்மார்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல நாம் இங்கே கூடவில்லை. பிள்ளை மேலே வர வேண்டும் என்ற அந்தத் தவிப்பு நியாயமானது.

ஆனால் அளவுகோலைப் பற்றி நமக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை அளக்க இன்னொரு மரக்கால் வைத்திருந்த பண்ணைகளைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். களத்தில் நெல் குறைந்தபோது அவர்கள் நெல்லைச் சந்தேகிக்கவில்லை, மரக்காலைத்தான் சந்தேகித்தார்கள். பள்ளியை அளக்கும் மரக்காலையும் அப்படித் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதே இந்த நினைவுச் சொற்பொழிவின் பொருள்.

ஒரு பள்ளியின் தரத்தை அதன் தேர்ச்சிக் கணக்கால் அளக்கும் வழக்கம் பிளக்ஸ் அச்சகத்தோடு பிறந்ததல்ல. 1862இல் இங்கிலாந்தில் திருத்தப்பட்ட கல்வி விதிகள் வந்தன. ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறிய தலைகளுக்கு ஏற்ப மானியம் கிடைக்கும். தேர்ச்சிக்குப் பணம் என்னும் இந்த முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது கைவிடப்பட்டது. இதில் யார் சேதப்படுவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போய்விட்டு வரும் பிள்ளை, வீட்டில் விளக்கில்லாத பிள்ளை, எழுத்தறிந்த ஒருவரும் இல்லாத குடும்பத்துப் பிள்ளை ஆகியோர் ஆசிரியரின் வருமானத்துக்கு இழப்பு. அவர்களைச் சேர்க்காமலிருப்பதே லாபம்.

லாபக் கணக்கு பார்க்காதவர்களும் நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேரிகளில் தனிப் பள்ளிகள் திறக்கவும் அவற்றுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் 1893இல் சென்னை அரசு ஆணையிட்டது. 1894இல் அடையாறு அருகே ஊரூரில் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளியின் பின்னால் அயோத்திதாசப் பண்டிதரின் முயற்சியும் இருந்தது. கால் நூற்றாண்டு கழிந்தது. 1919ஆம் ஆண்டு அரசாணையின் வழியாக நமக்கு ஒரு கணக்குக் கிடைக்கிறது. மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகள் 8,157. அவற்றில் பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே. பதின்மூன்றுக்கு ஒன்று. மற்றவற்றில் பல அக்கிரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் கோயிலை ஒட்டியும் நடந்தன. நம் பிள்ளைகளின் கால் அங்கே படக் கூடாது. அந்த ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் மெட்ரிகுலேஷனுக்கு அடித்தளமிட்டு, பிரசிடென்சிக் கல்லூரி வரை பிள்ளைகளை அனுப்பிய பெருமை உடையவையும் இருந்திருக்கும். அந்தப் பெருமைக் கணக்கில், வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பத்தி கிடையாது.

வாசலைத் தாண்டியவர்களின் நிலை என்ன? இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில், கோயமுத்தூரில் படித்த நாட்களை நினைவுகூர்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள் என்ற அச்சத்தில் அவர் பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே உள்ளே போவார். வகுப்பு விட்டதும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாதபடி வேகமாக வீடு திரும்புவார். கூடி விளையாட முடியாத வருத்தமும் அந்த நூலில் பதிவாகியிருக்கிறது. வட்டமேசை மாநாட்டில் நமக்காகப் பேசிய மனிதரின் பள்ளிப்பருவம் இது. அந்தக் கல்விக்கூடத்தின் தேர்ச்சி விழுக்காடு எதுவாக இருந்தாலும், ஒரு சிறுவன் மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தது அதில் தெரியாது.

இனி பம்பாய்க்கு வருவோம். எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி பேர்பெற்ற அரசுப் பள்ளி. பாபாசாகேப் அங்கே படித்தார். கரும்பலகையில் கணக்குப் போட அவர் அழைக்கப்பட்டபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டுப் பெட்டிகளை மற்ற மாணவர்கள் அவசர அவசரமாக எடுத்துக்கொண்டதை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சமஸ்கிருதம் படிக்க விரும்பியவர் பாரசீகம் படிக்க நேர்ந்தது. 1907இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண் 750க்கு 282.

இந்த எண்ணைச் சற்று மனத்தில் நிறுத்துவோம். 282. நூற்றுக்கு நாற்பதைக்கூடத் தொடவில்லை. இன்று அந்த மதிப்பெண்ணோடு வரும் பிள்ளையின் படத்தை எந்தப் பள்ளி தன் பலகையில் போடும்? விழுக்காட்டைக் கெடுக்கிறான் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்திருப்பார்கள். ஆனால் அன்று பாபாசாகேபின் சமூகம் அந்தத் தேர்ச்சிக்காகக் கூட்டம் போட்டுப் பாராட்டியது. கேலூஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றை அந்த இளைஞருக்குப் பரிசளித்தார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள், அந்தப் பிள்ளை எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறான் என்று பார்த்தார்கள். பள்ளியில் சாக்குத் துணியில் தனியே உட்காரவைக்கப்பட்டவன், தண்ணீர்க் குழாயைத் தானே திறந்து குடிக்க விடப்படாதவன் மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறான். பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைத்து அவர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பிறகு நடந்தது. சமூகம் கூடிக் கொண்டாடியது அதற்கு முன்பே, 282ஐ வைத்துத்தான்.

"அப்படியானால் பெரிய கல்லூரிகளே வேண்டாம் என்கிறீர்களா?" என்று நம் இளைஞர்கள் கேட்கக்கூடும். இல்லை. தொடக்கக் கல்வி கிடைத்தாலே உங்களுக்குப் போதும் என்று நம்மிடம் சொன்னவர்களைப் பாபாசாகேப் ஒருநாளும் ஏற்கவில்லை. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றதும் பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவான கோரிக்கை மனுவாக எழுதிக் கொடுத்து, உயர்கல்விக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் அரசு உதவித்தொகை பெற்றுத் தந்தார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். உயர்ந்த பதவிகளில் நம்மவர் இல்லாவிட்டால் கீழே உள்ள நம்மவர்க்குப் பாதுகாப்பில்லை என்பது அவருடைய முடிவு. எனவே மருத்துவக் கல்லூரியில் எத்தனை இடம் என்ற கேள்வி நம் கேள்விதான். அதை எண்ணுவது உரிமைக் கணக்கு. அதே எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளுக்குத் தரம் பிரிப்பது வேறு கணக்கு. முதலாவது நம்மை உள்ளே கொண்டுபோகிறது. இரண்டாவது நம்மை வாசலிலேயே கழிக்கச் சொல்கிறது.

கல்லூரிக்குள் விடும் மரக்காலும் ஒரே அளவில் நின்றதில்லை. வகுப்புவாரி அரசாணையின் பிந்திய வடிவத்தில் 14 இடங்களுக்கு 2 நமக்கு இருந்தன. செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951இல் அந்த ஆணையைச் செல்லாதென்றது. அதே ஆண்டு அரசமைப்பின் முதல் திருத்தம் வந்த பிறகே நிலைமை சீரானது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. அதோடு நகரத்துப் பயிற்சி வகுப்புகள் பெருகின. 2006இல் இயற்றிய சட்டத்தின் மூலம் தமிழ்நாடு நுழைவுத்தேர்வை நீக்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது.

பத்தாண்டுதான். அரியலூர் மாவட்டம் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 2017இல் 1200க்கு 1176 எடுத்தார். ஊர் கேட்ட அளவை அவர் நிரப்பிக் காட்டினார். அந்த ஆண்டு மரக்கால் நீட் என்று மாறிவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை போயும் பயனில்லை. செப்டம்பர் 1ஆம் நாள் அவரை இழந்தோம். 282க்கு நம்மைத் தகுதியில்லை என்பவர்கள், 1176 எடுத்தபோதும் தகுதியில்லை என்றார்கள். அப்படியானால் கோளாறு மதிப்பெண்ணில் இல்லை.

இதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. நீட் வந்த பின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை. 2020இல், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானது. அந்த ஆண்டே முந்நூறுக்கும் மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். ஓராண்டில் அந்தப் பள்ளிகளின் கூரை மாறவில்லை, பாடம் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை. எங்கிருந்து வந்தாய் என்பதையும் சேர்த்து அளந்தார்கள். அவ்வளவே. சேர்க்கை எண்ணிக்கை பள்ளியின் தரத்தைக் காட்டும் என்பது உண்மையானால், ஒரே கோடை விடுமுறையில் அரசுப் பள்ளிகள் எல்லாம் உயர்ந்துவிட்டன என்றல்லவா சொல்ல வேண்டும்?

பலகைக்காக நடக்கும் பள்ளி எப்படி இருக்கும் என்பதும் நாம் கண்டதுதான். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகளைப் 'பிராய்லர் பள்ளி' என்றே மக்கள் அழைத்தார்கள். 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. அடுத்த கல்வியாண்டிலேயே பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. ஆனால் பத்தாம் வகுப்புக்கு முன்பே மெல்லக் கற்கும் பிள்ளையை நயமாகப் பேசி வெளியேற்றும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடத்தில் சேர்ந்த பிள்ளைக்கும் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதில் முழுக்கட்டணம் கேட்பார்கள். அப்படி வெளியேறும் பிள்ளை வந்து சேரும் இடம் பெரும்பாலும் அரசுப் பள்ளியோ ஆதிதிராவிடர் நலப் பள்ளியோதான். பிறகு இரண்டு பள்ளிகளின் முடிவையும் அருகருகே வைத்து, பார்த்தீர்களா என்கிறார்கள்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் நமக்குச் சும்மா கிடைத்தவை அல்ல. 1920களில் தொழிலாளர் ஆணையர் துறையின்கீழ் வளர்ந்து, பின் நலத்துறைக்கு வந்தவை. இன்று ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஆசிரியர் பற்றாக்குறை உண்டு, கழிப்பறையில் தண்ணீர் வராது, விடுதிச் சோறு சரியில்லை. இவற்றை நாம் மூடி மறைக்கப் போவதில்லை, போராடத்தான் போகிறோம். ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு யாரும் போகவில்லை என்ற ஒரே காரணத்தால் அவை பயனற்றவை என்று நம் வாயாலேயே சொல்லக் கூடாது. எவரும் சேர்க்காத பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட பள்ளி அது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைந்த நீதிநாயகம் கே. சந்துரு ஒருநபர் குழு 2024இல் அறிக்கை தந்தது. கையில் சாதிக்கயிறு கட்டுவது வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. வகுப்பு விட்டதும் வேகமாக வீட்டுக்கு நடந்த இரட்டைமலை சீனிவாசனின் அச்சம் ஒன்றரை நூற்றாண்டாகியும் தீரவில்லை. இன்று அந்த அச்சம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இதை எந்தத் தரவரிசை அளக்கிறது?

ஆகவே பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது நாம் கேட்க வேண்டியவை இவை. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டைத் தொட்டார்கள்? நடுவில் போனவர்கள் ஏன் போனார்கள்? யார் யாரோடு உட்காருகிறார்கள்? கழிப்பறையைக் கழுவச் சொல்வது யாரை? முதல் தலைமுறைப் பிள்ளைக்கு மாலையில் சொல்லித்தர ஆள் உண்டா? இவற்றுக்குப் பதில் வந்த பின், எந்தக் கல்லூரிக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதையும் கேட்போம். அப்போதும், அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சேர்த்தே கேட்போம்.

இந்த நாளை யார் நினைவாக நடத்துகிறோமோ அந்த ஐயா, நலப் பள்ளியில் ஆசிரியராக இருந்த காலமெல்லாம் ஒரு நோட்டு வைத்திருந்தார். தன்னிடம் படித்த ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரேயும், பின்னால் என்ன ஆனார் என்று எழுதியிருக்கிறார். செவிலியர், நடத்துநர், கிராம நிர்வாக அலுவலர், வழக்கறிஞர், திருப்பூர் பனியன் கம்பெனி. சில பெயர்களுக்கு எதிரே "படிப்பு நின்றது, வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்" என்று இருக்கிறது. போய்ப் பார்த்த தேதியும் இருக்கிறது. ஒரு பெயரையும் அவர் அடிக்கவில்லை. நம் பள்ளிகளை அளக்க அந்த நோட்டை எடுத்துக்கொள்வோம்.

ஜெய்பீம்.