ஆற்றல் நுகர்வும் மக்கள் வாழ்வும்

ஒரு நாட்டின் தனிநபர் ஆற்றல் நுகர்வுக்கும் மக்களின் பிறப்பு, இறப்பு, ஆயுட்காலம் ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு. நுகர்வு மிகக் குறைந்த நாடுகளில் அது சற்று உயர்ந்தாலே சராசரி ஆயுள் விரைந்து கூடுகிறது. தூய குடிநீர், தடுப்பூசிகளைக் காக்கும் குளிர்பதனம், மின்விளக்குள்ள பிரசவ அறை ஆகியவை இதற்குத் துணைசெய்கின்றன. தூய எரிபொருள் கிடைக்காத வீடுகளில் விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் அடுப்புகளின் புகையால் 2020இல் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஆற்றல் வசதியோடு சேர்ந்து குழந்தை இறப்பு குறைவதும் பெண்கல்வி பரவுவதும் பிறப்பு வீதத்தைத் தாழ்த்துகின்றன. ஓர் அளவுக்கு மேல் கூடுதல் நுகர்வு ஆயுளை நீட்டுவதில்லை: அமெரிக்கர் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதியையே பயன்படுத்தும் ஜப்பானியர் அவர்களைவிட நீண்டகாலம் வாழ்கின்றனர். கேரளம் குறைந்த நுகர்விலேயே நீண்ட ஆயுளையும் 2க்குக் கீழான கருவள வீதத்தையும் (ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை) எட்டியது. பொதுக்கல்வியும் பொதுச் சுகாதாரமும் அதன் அடிப்படை.