வெயிலே புண்ணும் மருந்தும்

பால்மரத்தில் கத்தி பட்ட இடம் நாளடைவில் புதுப்பட்டை கொண்டு மூடுதலைத் தோட்டத்தில் வாழ்ந்தார் யாவரும் அறிவர். கண்ணுக்குத் தெரியும் அப்புண் ஆறுவதே நமக்கு வியப்பாயின், கண்ணுக்குத் தெரியாத புண்ணொன்றை ஒவ்வோர் இலையும் நாள்தோறும் ஆற்றிக்கொள்ளும் திறத்தை என்னென்பது!

ஞாயிற்றின் ஒளியிற் கலந்துள்ள புற ஊதாக் கதிர், உயிரணுவினுள் மரபுச் செய்தியைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. இழையைத் தாக்கி, அடுத்தடுத்துள்ள இரண்டு எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. ஒட்டிய எழுத்தை அணுவால் செம்மையாகப் படிக்க இயலாது. அது பெருக இடர்ப்படும், பெருகினும் பிழையோடு பெருகும். மனிதன் நிழலுக்கு ஒதுங்குவான். மரம் எங்கே ஒதுங்கும்?

இவ்வினாவிற்கு விடை ஒரு சாளரத்தருகே கிடைத்தது. அமெரிக்காவில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் கெல்னர் என்பார், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை ஈந்த மண்ணுயிரின்மீது புற ஊதாக் கதிரைச் செலுத்தி ஆராய்ந்தார். ஒரே அளவு கதிர் பட்டும் சில முறை மிகப் பல பிழைத்தன. சில முறை பிழைத்தவை மிகச் சிலவே. வெப்பமே காரணமென முதலில் ஐயுற்றார். பின்னர்ப் பகலொளி பட்டவையே பிழைத்தன எனத் தெளிந்து, 1949இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ரெனாட்டோ டுல்பெக்கோவும் தனித்தாய்ந்து இதனையே கண்டார். நீல ஒளியை வாங்கி, ஒட்டிய எழுத்துகளைப் பிரித்துவிடும் நொதியொன்றின் தொழில் இது என்பதைக் கிளாட் ரூபர்ட் முதலியோர் பிற்பாடு நிறுவினர். ஃபோட்டோலையேஸ் எனப்படும் அந்நொதி செடிகளிலும் உண்டு. புண் செய்த வெயிலே மருந்துமாயிற்று!

அதே ஊரில் மக்காச்சோளத்தை ஆராய்ந்தவர் பார்பரா மக்ளின்டாக் அம்மையார். முறிந்த மரபுத்திரியின் முனைகள் மீண்டும் கூடுவதையும், கருவில் அவை ஆறிவிடுவதையும் அவர் 1941க்குள் கண்டிருந்தார். அவ்வாராய்ச்சி வழியே பின்னர் அவர் கண்ட இடம்பெயரும் மரபுக்கூறுகளைப் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. நோபெல் பரிசு 1983இல் வந்தபோது அவருக்கு வயது 81.

நாம் உண்ணும் நெல்லிலும் இவ்வுண்மை விளங்கக் காணலாம். ஜப்பானில் சசானிஷிகி என்னும் நெல் இக்கதிரைத் தாங்கும். நோரின் 1 என்னும் நெல் வாடும். இரண்டிற்கும் அந்நொதியின் 126ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலமே வேறு என்பதை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் காட்டினர். அவ்வளவு சிறிய வேற்றுமை ஒரு பயிரின் வாழ்வைத் தீர்க்கின்றது!

மனிதனிடமோ இந்நொதி இல்லை. பழுதுற்ற பகுதியை வெட்டி நீக்கிப் புதிதாக நிரப்பும் வேறு முறையாலேயே நாம் பிழைக்கிறோம். அம்முறையை விளக்கிய அஸிஸ் சன்ஜார், ரூபர்ட்டின் மாணவர். 2015இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர்.

பயிர் வாடினால் விதி என்று கைகட்டி நிற்பது எளிது. கணக்கு ஒவ்வாதபோது கெல்னர் அதனை வீசியெறியவில்லை. ஏன் என்று கேட்டார். நம் வீட்டுப் பிள்ளையும் அதே சொல்லைத்தான் நாள்தோறும் கேட்கின்றது. "வாயை மூடு" என்று நாம் அதட்டும்போது எந்தச் சாளரத்தை அடைக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.