மைசூர் நீதிஸ்தலங்களில் பிறமொழியாளர்

மைசூர் ராஜ்யத்தில் அதிகாரத்தின் பாஷை என்றும் ஒன்றாக இருந்ததில்லை. திப்பு சுல்தான் காலத்தில் சர்க்கார் கணக்குகளில் பாரசீகம் ஏற்றம் பெற்றது. 1799-க்குப் பின் திவான் பூர்ணையாவின் நிர்வாகத்தில் கன்னடத்தோடு மராட்டியும் கச்சேரிகளில் வழங்கியது. 1831-இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபின் ஆங்கிலமும் வந்து சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் உருதுவும் வீட்டுமொழியாகக் கொண்ட குடிகளோ, தம் வழக்கைப் பிறர் வாய்வழியே உரைத்து வந்தனர்.

சாட்சிக் கூண்டில் ஏறித் தமிழில் கதறும் கிழவியின் சொல்லை மொழிபெயர்ப்பாளர் கன்னடத்தில் பெயர்க்க, நீதிபதி அதனை ஆங்கிலத்தில் குறித்துக்கொள்ள, ‘அடித்தான்’ என்பதற்கும் ‘அடிக்க வந்தான்’ என்பதற்கும் உள்ள பேதம் அந்த வாக்குமூலத்தில் அழிந்துபோகுமானால், ஒரு மனிதனின் ஆயுளே மாறிவிடும்.

ஆகவேதான், பிரிட்டிஷ் இந்தியாவுக்கென 1898-இல் இயற்றப்பட்டுப் பின்னர் மைசூருக்கும் உரியதாகிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவு, எதிரிக்கு விளங்காத மொழியில் கூறப்படும் சாட்சியம் அவருக்கு விளங்கும் மொழியில் திறந்த நீதிமன்றத்திலேயே பெயர்த்துச் சொல்லப்பட வேண்டுமென விதித்ததை நான் பெரிதும் போற்றுகிறேன். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதுவே 279-ஆம் பிரிவாயிற்று.

1956 நவம்பர் 1-இல் சென்னை ராஜ்யத்தின் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து கொள்ளேகால் தாலுகா மைசூரோடு இணைந்தது. 1963-இல் கன்னடம் சட்டப்படி ஆட்சிமொழியாயிற்று. அது நியாயமே. ஆனால் கன்னடம் அறியாத தமிழர் எவரேனும் அங்கே குற்றக் கூண்டில் நிற்க நேர்ந்தால், கூசாமல் மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பெறட்டும். அது சலுகையன்று, உரிமை.