வக்காலத்து இல்லாமல் வந்த வழக்கு



"அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குறே?" என்று வீட்டில் சாதாரணமாகக் கேட்கிறோம். வக்காலத்து என்பது, "என் சார்பில் வழக்கு நடத்துங்கள்" என்று வழக்கறிஞருக்கு நாம் கையெழுத்திட்டுத் தரும் தாள். அதைக் கொடுக்கக்கூட வழியில்லாமல் சிறையில் கிடந்தவர்களின் வரலாறு இது.

1979 ஜனவரியில், தேசிய காவல் ஆணைய உறுப்பினர் ருஸ்தம்ஜி பீகார் சிறைகளைப் பற்றி எழுதிய கட்டுரைகள் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் வெளியாயின. டெல்லியில் வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி அவற்றைப் படித்தார். விசாரணையே முடியாமல் பலர் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். சிலருக்குப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்தவர்களும் உண்டு. எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் "பாதுகாப்புக்காக" வைக்கப்பட்டிருந்த பெண்களும் உண்டு.

அந்தக் கைதிகளை கபிலா பார்த்ததில்லை. வக்காலத்தும் இல்லை. ஆனாலும் அவர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்களை விடுவிக்கப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதிக்கு ஜாமீன் உரிமை உண்டு என்று சட்டம் அப்போதே சொன்னது. அது தானாக வராது, கேட்க வேண்டும். அப்படி ஓர் உரிமை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. சொல்லவும் ஆளில்லை.

1979 மார்ச் 9 அன்று நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு, விரைவான விசாரணையும் ஏழைக்கு இலவச வழக்கறிஞரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. பின்னர் 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது.

வழக்கறிஞர் என்றால் கோர்ட்டில் வாதாடுபவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதற்கு முன்பே அவருக்கு வேலை இருக்கிறது. நமக்கு என்ன உரிமை உண்டு, அதை எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்று சொல்வது அவர்தான். நான் சொன்ன அந்த ஜாமீனையே, குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் கேட்காவிட்டால் இழந்துவிடுவோம்.

ஆகவே சம்மனோ வக்கீல் நோட்டீஸோ வந்தால் பீரோவில் வைத்து மூடாதீர்கள். யாரையாவது கைது செய்தால் அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். வீடு, நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பு காட்டுங்கள், போட்ட பிறகு அல்ல.

கையில் காசில்லை என்று தயங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தொலைபேசி எண் 15100.

உங்கள் தெருவில் யாருக்காவது இது தேவைப்படலாம். படித்துவிட்டு வாய்வழியாகவும் சொல்லுங்கள்.