ஷட்டரை இறக்குவது யார்? இயங்குதள அறிமுகப் பாடத்தில் விடுபட்ட ஒரு கேள்வி

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் இயங்குதள அறிமுகப் பாடத்துக்கு சிஎஸ் 3451 என்று எண். அதில் சிபியூ ஷெட்யூலிங் பகுதியைப் படிக்காமல் தேர்வுக்குப் போகும் மாணவர் அரிது. கணக்கு நிச்சயம் வரும், போட்டால் முழு மதிப்பெண். சில்பர்ஷாட்ஸ் பாடநூலில் காலங்காலமாக இருக்கும் கணக்கையே பார்ப்போம். மூன்று புராசஸ்கள், அவற்றுக்கு வேண்டிய நேரம் முறையே 24, 3, 3 மில்லிசெகண்ட். வந்த வரிசையிலேயே ஓடவிட்டால் சராசரிக் காத்திருப்பு 17 மில்லிசெகண்ட். சின்னவை இரண்டையும் முன்னால் விட்டால் 3. ஒவ்வொன்றுக்கும் 4 மில்லிசெகண்ட் என்று சுழற்சி முறையில் கொடுத்தால் 5.66. கட்டம் போட்டு, கூட்டி, மூன்றால் வகுத்தால் விடை வந்துவிடும்.

சுழற்சி முறைக் கணக்கை இப்படிச் சரியாகப் போட்ட மாணவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். நான்காவது மில்லிசெகண்ட் முடிந்ததும் முதல் புராசஸிடமிருந்து சிபியூவைத் திரும்ப வாங்குவது யார்? "இயங்குதளம்" என்ற பதில் உடனே வரும். அது போதாது. ஒரே கோர் உள்ள கணினியில் அந்த நொடியில் ஓடிக்கொண்டிருப்பவை அந்தப் புராசஸின் கட்டளைகள் மட்டுமே. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் ஒரு வரிகூட அப்போது ஓடவில்லை. ஓடாமல் கிடக்கும் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொன்றை எப்படி நிறுத்தும்? இயங்குதளம் என்ற துறையின் அடிப்படைக் கேள்வி இதுதான் என்பதும், நம் அறிமுகப் பாடம் இதைத் தாண்டிக் குதித்துவிட்டுக் கணக்குக்குப் போய்விடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விடை வன்பொருளில் இருக்கிறது. கணினி தொடங்கும்போதே கெர்னல் ஒரு டைமரை முடுக்கிவிடுகிறது. டைமர் அடித்தால் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதையும் சிபியூவில் பதிந்துவைக்கிறது. அதன் பிறகே பயனரின் நிரலுக்கு இடம் விடுகிறது. குறித்த நேரம் வந்ததும் டைமர் இன்டரப்ட் எழுப்பும். சிபியூ அந்த நிரலை அப்படியே நிறுத்தி, சிறப்புரிமை நிலைக்கு மாறி, கெர்னல் சொல்லிவைத்த முகவரிக்குத் தாவும். டைமரைத் திருத்தவோ அணைக்கவோ பயனர் நிரலுக்கு உரிமை இல்லை; முயன்றால் அந்தக் கட்டளையே பிடிபட்டுக் கட்டுப்பாடு கெர்னலிடம் போய்விடும். அமெரிக்காவின் எம்ஐடியில் 2006 முதல் பாடத்துக்குப் பயன்படும் எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தில் இந்த மாற்றத்தின் மையப்பகுதியைக் கண்ணால் பார்க்கலாம். அதன் ரிஸ்க்-5 வடிவில், ஒரு புராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அசெம்ப்ளி நிரற்கூறு 14 ரெஜிஸ்டர்களைச் சேமித்துவிட்டு, வேறு 14 மதிப்புகளை ஏற்றுகிறது. வேலை அவ்வளவுதான். நம் மாணவர்கள் நான்கு ஆண்டுப் படிப்பில் அந்தச் சில வரிகளைப் பார்க்காமலே வெளியேறுகிறார்கள்.

டைமர் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. விண்டோஸ் 3.1இலும், 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸுக்கு முந்தைய ஆப்பிள் இயங்குதளங்களிலும், நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு முறை வரும். ஒரு நிரல் பிடிவாதம் பிடித்தால் மொத்தக் கணினியும் உறைந்துபோகும். அங்கேயும் முறை வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அதை அமல்படுத்தும் கைதான் இல்லை.

இந்த வேறுபாட்டைப் பொள்ளாச்சி வட்டாரத்து மாணவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணையை நம்பியிருக்கும் ஆயக்கட்டு 3.77 லட்சம் ஏக்கர். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விடத் தண்ணீர் கிடையாது. அதனால் நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் சுமார் 94,000 ஏக்கராக, முறைவைத்து விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு மறுபடி முறை வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள்ளும் சுற்று சுற்றாகத்தான் தண்ணீர். ஆனைமலைப் பக்கத்தில் 6,400 ஏக்கர் பழைய ஆயக்கட்டுக்கு முன்னுரிமை. 1970இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு வழியாகக் கேரளத்துக்குப் போயாக வேண்டும். சுழற்சி முறை, முன்னுரிமை, முன்பதிவு என்று பாடநூல் தனித்தனியாகச் சொல்பவை எல்லாம் இந்த ஒரே திட்டத்துக்குள் இருக்கின்றன.

ஆனால் அரசாணையில் உள்ள சுற்று தானாகவே வயலுக்கு வந்துவிடாது. மடையில் ஷட்டரை ஏற்றி இறக்க லஸ்கர் என்னும் பணியாளர் வேண்டும், வாய்க்கால் ஓரத்தில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவரைத் தடுக்க அதிகாரம் வேண்டும். காங்கயம், வெள்ளகோவில் கடைமடை விவசாயிகள் பங்குத் தண்ணீர் கேட்டுப் போராடியதற்குக் காரணம், அட்டவணைக் கணக்குக்கும் கடைமடைக்கு உண்மையில் வந்துசேர்ந்த தண்ணீருக்கும் இடையிலிருந்த தூரம். கடைமடை காய்வதைப் பாடநூல் 'ஸ்டார்வேஷன்' என்கிறது. 1973இல் எம்ஐடியின் ஐபிஎம் 7094 கணினியை நிறுத்தியபோது, 1967இல் கொடுத்த ஒரு வேலை இன்னும் தொடங்காமலே கிடந்ததாக அதில் ஒரு கதையும் உண்டு. வதந்தி என்று நூலே ஒப்புக்கொள்கிறது. வகுப்பில் எல்லோருக்கும் நினைவில் நிற்பதென்னவோ அதுதான்!

ஒப்பீடு இன்னொரு இடத்திலும் உதவும். வறண்டு கிடக்கும் வாய்க்காலில் முதலில் விடும் தண்ணீரை மண்ணே குடித்துவிடும். சுற்றின் நாள்களைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் தண்ணீர் முழுவதும் வாய்க்காலோடு சரி. புதிதாக முறை பெற்ற புராசஸுக்கும் கேச் காலியாகவே இருக்கும். அது நிரம்பும்வரை வேகம் பிடிக்காது. 4 மில்லிசெகண்டைக் கால் மில்லிசெகண்டாக்கினால் நியாயம் கூடும் என்று நினைக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை. அதே சமயம் ஒப்பீட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நிறுத்திவைத்த புராசஸ் எத்தனை நேரம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். காய்ந்த தென்னை அப்படித் தொடராது.

கொள்கை வேறு, அதைச் செயல்படுத்தும் பொறியமைவு வேறு என்று பிரித்துப் பார்ப்பது இத்துறையில் புதிதல்ல. 1960களின் இறுதியில் ஆர்சி 4000 கணினிக்கு பெர் பிரிஞ்ச் ஹான்சன் எழுதிய கெர்னலிலும், 1970களில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ஹைட்ரா இயங்குதளத்திலும் இப்பிரிவினை வெளிப்படையான வடிவமைப்பு நெறியாகவே இருந்தது. லினக்ஸின் அண்மை வரலாறும் இதையே காட்டுகிறது. 2007இல் 2.6.23 பதிப்பில் சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலர் வந்தது, 2023இல் 6.6 பதிப்பில் அதன் இடத்தை ஈஈவிடிஎஃப் பிடித்தது. கொள்கை மாறிக்கொண்டே இருந்தது. டைமரும் இன்டரப்டும் சிறப்புரிமை நிலையும் அடியில் அப்படியே இருந்தன. எது நிலைத்து நிற்கிறதோ அதைத்தானே அறிமுகப் பாடம் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்?

"இன்டரப்டைக் கணினிக் கட்டமைப்புப் பாடத்தில் நடத்திவிடுகிறோமே" என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நடத்துகிறோம்; கீபோர்டும் டிஸ்க்கும் சிபியூவைக் கூப்பிடும் வழி என்ற அளவில். கெர்னலின் ஆட்சியே அதன்மேல் நிற்கிறது என்பதை அங்கேயும் சொல்வதில்லை, இங்கேயும் சொல்வதில்லை. ஆய்வகத்தில் செய்துபார்க்கிறார்கள் என்பது இரண்டாவது சமாதானம். ஆய்வகப் பட்டியலில் ஃபோர்க், வெயிட் போன்ற அழைப்புகள் இருப்பது நல்லதுதான். ஆனால் 'ஷெட்யூலிங் அல்காரிதங்களை சி மொழியில் எழுதுக' என்ற பயிற்சியில் நடப்பது என்ன? மாணவர் எழுதுவது ஒரு சாதாரணப் பயனர் நிரல். மூன்று எண்களை வாங்கி, அதே 5.66ஐத் திரையில் அச்சிடுகிறது. அது எந்தப் புராசஸையும் ஒரு மைக்ரோசெகண்ட்கூட நிறுத்திவைப்பதில்லை. தாளில் போட்ட கணக்கு திரைக்கு வந்ததோடு சரி.

கருவி இல்லை என்று சொல்ல முடியாது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. டெபியனை அடியாகக் கொண்டு சிடாக் உருவாக்கிய, மூலநிரல் திறந்த இயங்குதளம் அது. கிராமத்து வீடுகளுக்குள்கூட ஒரு திறந்த கெர்னல் போய்ச் சேர்ந்தது. அதைத் திறந்து பார்க்கச் சொல்லும் பாடம் கூடவே போகவில்லை. அண்மைக் காலத்தில் தமிழகக் கல்விக் கொள்கையில் நழுவவிட்ட நல்ல வாய்ப்புகளில் இதையும் சேர்ப்பேன்.

எந்த லினக்ஸிலும் ஒரு வகுப்பு நேரத்தில் முடிக்கக்கூடிய பயிற்சி இது. எதுவும் செய்யாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் முடிவில்லாத லூப் நிரல் ஒன்றை எழுதி, டாஸ்க்செட் கட்டளையால் அதன் இரண்டு பிரதிகளை ஒரே கோரில் ஓடவிடுக. ப்ராக் கோப்புறையில், அந்தப் புராசஸின் எண்ணுள்ள உட்கோப்புறைக்குள் 'ஸ்டேட்டஸ்' கோப்பைத் திறந்தால், கடைசிப் பகுதியில் இந்த இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, புராசஸ் தானாக விட்டுக்கொடுத்த தடவைகள். மற்றது, அதனிடமிருந்து பிடுங்கப்பட்ட தடவைகள். திறந்து திறந்து பார்க்கப் பார்க்க இரண்டாவது எண் ஏறிக்கொண்டே போகும், முதலாவது ஏறக்குறைய அசையாது. பிறகு, விசைக்காகக் காத்திருக்கும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரின் ஸ்டேட்டஸ் கோப்பைப் பார்த்தால் நிலைமை நேர் எதிர். ப்ராக் கோப்புறையிலேயே உள்ள 'இன்டரப்ட்ஸ்' கோப்பில் டைமர் வரியின் எண்ணும் அடுத்தடுத்த பார்வையில் கூடியிருக்கும்.

பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்காகச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்த நா. மகாலிங்கமேதான் பொள்ளாச்சியில் 1957இல் கலைக் கல்லூரியையும் 1998இல் பொறியியல் கல்லூரியையும் நிறுவியவர். அவை போன்ற இந்த வட்டாரத்தின் தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டக் குழுக்களிலேயே பாடத்தைத் திருத்திக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தின் அடுத்த ஒழுங்குமுறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 24, 3, 3 கணக்கை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் இரண்டு வாரம் டைமருக்கும் சிறப்புரிமை நிலைக்கும் ஒதுக்குங்கள். ஸ்டேட்டஸ் கோப்புப் பயிற்சியை ஆய்வகப் பட்டியலில் சேருங்கள். சிபியூவைத் திரும்ப வாங்குவது யார் என்ற கேள்வியைத் தேர்வுத் தாளில் மதிப்பெண் போட்டுக் கேளுங்கள்.